பகையைப் பதிவேட்டில் எழுதியவர்கள்

ஐரோப்பிய இனங்களின் பகை ரத்தத்தில் ஊறியது, எங்கே போனாலும் கூடவே வரும் என்று சொல்கிறவர்கள் ஆக்லாந்தின் டால்மேஷியர் கதையை அறிந்துகொள்ள வேண்டும். இன்றைய குரோஷியாவின் கடற்கரையிலிருந்து, வறுமைக்கும் ஆஸ்திரியப் பேரரசின் கட்டாய ராணுவச் சேவைக்கும் தப்பி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூசிலாந்துக்கு வந்தவர்கள் அவர்கள். ஆக்லாந்துக்கு வடக்கே சேற்று நிலத்தில் நீண்ட இரும்புக் கம்பியைக் குத்திப் பார்ப்பார்கள். முனையில் கெட்டியாக ஏதாவது தட்டினால் தோண்டுவார்கள். கிடைத்த கவுரி மரப் பிசினை இரவில் விளக்கடியில் உட்கார்ந்து கத்தியால் சுரண்டுவார்கள். வார்னிஷ் தயாரிக்க அது ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து கப்பலேறும். கூட்டாகச் சேர்ந்து அசராமல் உழைத்த இவர்களைக் கண்டு, அதே தொழிலில் இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு எரிச்சல். 1898இல் வந்த கவுரிப் பிசின் தொழில் சட்டம், பிசின் நிலங்களில் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கென்றே ஒதுக்கியது. உலகப் போருக்கு இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. முதலில் வந்தது வயிற்றுப் போட்டிதான்.

1914இல் போர் மூண்டதும் அந்தப் போட்டிக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆஸ்திரிய ஆட்சியை வெறுத்து வந்தவர்களே ஆவணத்தில் ஆஸ்திரியர்கள். ஆகவே எதிரி நாட்டார். ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போரிட முன்வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படியும் 1917இல் அந்நியர் பதிவுச் சட்டம் வந்தது. போரின் கடைசி ஆண்டில் பலர் அரசுப் பணிகளுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டார்கள். போர்க்காலத்தில் எந்த அரசும் எச்சரிக்கையாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். எச்சரிக்கை என்றால் ஆளை விசாரித்துப் பார்ப்பது. இங்கே பார்க்கப்பட்டது ஆளை அல்ல, அவர் தப்பி வந்த அரசின் முத்திரையை.

பழைய காயங்கள் பொய்யா என்றால், இல்லை. ஆஸ்திரிய ஆட்சிக்குப் பின் டால்மேஷியா சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா 1991இல் உடைந்தபோது அந்த வலி இங்கும் எட்டியது. யூகோஸ்லாவ் என்ற பெயரில் இயங்கிய ஆக்லாந்து சங்கம் பிறகு டால்மேஷியப் பண்பாட்டுச் சங்கமானது. ஆனால் நினைவு தானாகப் பகையாவதில்லை. நாட்டின் பூர்வகுடிகளான மவோரிகளோடு இதே டால்மேஷியர் பிசின் நிலங்களில் கலந்து வாழ்ந்து மணம் புரிந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1916இல் ஜோசிப் பாபிச் என்ற டால்மேஷிய இளைஞர் தன் முதல் ஒயினைத் தயாரித்தார். அவர் குடும்பம் பிறகு குடியேறிய ஹெண்டர்சன், நாட்டின் ஒயின் தொழிலுக்கே பேர்போன இடமாயிற்று. உழைப்பில் தொடங்கிய உறவுகளைக் கெடுத்தது பெரும்பாலும் மேலிருந்து ஒட்டப்பட்ட சீட்டுதான்.

இந்தச் சீட்டின் வேலையைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது.

நியூசிலாந்துப் பள்ளிகளில் நாட்டு வரலாறு 2023 முதல் கட்டாயப் பாடம். முதல் உலகப் போரில் கலிப்போலியில் மடிந்த வீரர்களைப் படிக்கும் ஆக்லாந்து மாணவர்கள், அதே போரில் தங்கள் ஊர்க்காரர்கள் அந்நியர் பதிவேட்டில் ஏற்றப்பட்டதையும் படிக்க வேண்டும்.