அடக்கத்தின் விலை

பெண்ணுக்கு அடக்கம் அழகு என்று சொல்லி வளர்க்கிறார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருளை நன்றாக அறிந்தது நம் மூத்திரப்பைதான். பள்ளியில், பேருந்தில், துணிக்கடையில், பந்தோபஸ்தில் நாள் முழுக்க அடக்குகிறோம்.

பை நிறையும் முன்பே அதன் தசை தானாகச் சுருங்கி, 'இப்போதே போ' என்று விரட்டுவது ஓர் உடல்நிலை. மருத்துவம் அதை ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்கிறது. அடிக்கடி போவதும், இரவில் எழுவதும், கதவைத் திறப்பதற்குள் கசிவதும் அதன் அடையாளங்கள். 'பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்பார்கள். சகஜமாகவே இருக்கட்டும், சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் செய்வதென்ன? தண்ணீரைக் குறைக்கிறோம். அடர்ந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும்; தொற்றுக்கும் வழிவிடும். கிளம்புமுன், வராவிட்டாலும் ஒருமுறை போய்வருகிறோம். கொஞ்சம் நிறைந்தாலே அழைக்கப் பை பழகிவிடுகிறது. இதை அறியாமை என்று திட்டாதீர்கள். வழியில் கழிப்பறை இராது என்று தெரிந்தவர்களின் கணக்கு இது.

சிகிச்சை இருக்கிறது. தொற்றோ சர்க்கரையோ காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். எப்போது குடித்தோம், எப்போது போனோம் என்று 3 நாள் குறித்துவைக்க வேண்டும். காபி, டீயைக் குறைக்கலாம். அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, இடுப்படித் தசையை இறுக்கி, அது தணிந்தபின் நடக்கலாம். போகும் இடைவெளியைக் கால்மணி நேரம், கால்மணி நேரமாக, வாரக்கணக்கில் கூட்டலாம். போதாவிட்டால் மாத்திரைகளும் உண்டு.

'இதுவும் அடக்கச் சொல்வதுதானே?' என்று கேட்கலாம். இல்லை. இங்கே கடிகாரம் அவள் கையில் இருக்கிறது. நேரம் வந்ததும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஓர் அறை காத்திருக்கிறது. மேற்பார்வையாளரின் முகம் பார்த்து நிற்பவளுக்கு இரண்டுமே இல்லை. அவளிடம் பயிற்சித் தாளை நீட்டுவது பாதி வைத்தியம்.

1948இன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. தமிழ்நாட்டுக் கடைகளில் பணியாளர் உட்காரவே 2021இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. கழிப்பறை கட்டுவது வேறு; போகவிடுவது வேறு. இரண்டாவதையும் உரிமையாக எழுதுங்கள். சம்பளம் பிடிக்காமல், காரணம் கேட்காமல்.

மாணவிகளே, வகுப்பின் நடுவே எழுந்து போங்கள். என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம்.