தாய் நோவும் நமது பெருமையும்

தாய்மையின் பெருமையைப் பேசப் புகும் நம்மவர் முதலில் எடுத்துக்கொள்வது தாய் பட்ட நோவைத்தான். பட்டிமன்றமாயினும் பாடநூலாயினும் இதில் வேறுபாடில்லை. இப்பெருமைப் பேச்சே மகப்பேற்று விடுதிகளில் பெண்களின் வாயை அடைக்கும் கருவியாகிவிட்டது என்பது எனது குற்றச்சாட்டு. கலைப்பீடத்து மாணவிக்கு வைத்தியம் எதற்கு என்று மருத்துவபீட நண்பர்கள் நகைக்கலாம். தாய்மை பற்றிய சொற்களை ஆக்கித் தருபவர்கள் நாங்களல்லவா?

சிசேரியன் சத்திரசிகிச்சை நடந்த இரவு என் தமக்கை இருமவும் அஞ்சிக் கிடந்தாள். நோவு தணிய ஏதேனும் தரமுடியுமா என்று அம்மா கேட்டார். “பிள்ளை பெத்தால் நோகத்தானே செய்யும்” என்ற விடையும் இரண்டு பனடோலும் கிடைத்தன. குடலிலே கோளாறென்று ஆண்மகன் ஒருவனின் வயிற்றைக் கீறியிருந்தால் இந்த விடை வந்திருக்குமா?

இவ்வாதம் புதியதன்று. 1847 இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்திற் குளோரோபோமைப் பயன்படுத்தியபோது, நோவுடன் பெறுவதே பெண்ணுக்கு விதித்தது என்று விவிலியத்தைக் காட்டி மறுத்தோர் இருந்தனர். அவர்களுக்கு விடையாக அவர் சிறுநூலொன்றே எழுதவேண்டியிருந்தது. 1853 இல் விக்டோரியா மகாராணி தமது எட்டாவது பிள்ளைப்பேற்றில் அதே மருந்தை ஏற்றுக்கொண்டார். அரசியின் நோவுக்கு வேதம் குறுக்கே நிற்கவில்லை.

இன்று உலகில் ஐந்து பிறப்புகளில் ஒன்றுக்கு மேல் சிசேரியன் மூலம் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2021 இற் கூறியது. இத்தனை பெண்களுக்கும் செய்யக்கூடியது யாது? வயிற்றுச் சுவரின் தசைகள் அடுக்கடுக்கானவை. அவற்றின் உள்ளடுக்குகள் இரண்டுக்கும் இடையே அச்சுவரின் நரம்புகள் ஓடுகின்றன. ஸ்கான் கருவியில் ஊசியைப் பார்த்தபடி இருபுறமும் அவ்விடத்தில் விறைப்பு மருந்தைச் செலுத்தினால், கீறிய இடத்து நோவு பல மணிநேரம் அடங்கும். 2001 இல் விபரிக்கப்பட்ட இந்த நரம்புத்தடை, சிசேரியனுக்குப் பின்னான மோபின் தேவையைப் பெரிதுங் குறைத்ததை 2008 இல் அயர்லாந்து ஆய்வொன்று காட்டிற்று.

மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. கருப்பை சுருங்குகையில் எழும் உள்நோவை இத்தடை தீர்க்காது. முள்ளந்தண்டு ஊசியிலேயே சிறிது மோபின் சேர்த்திருப்பின் மேலதிக நன்மை சொற்பமே. அளவு மீறினால் மருந்து மூளையையும் இதயத்தையும் தாக்கும். ஆயின் மோபின் சேர்க்கப்படாதவளுக்கும் முழு மயக்கத்திற் கீறப்பட்டவளுக்கும் இதன் பயன் பெரிது.

கருவியில்லை, பயின்ற கையில்லை என்பர். சில இடங்களில் அது மெய்யே. ஆனால் பனடோலையும் அழற்சி தணிக்கும் மருந்தையும், நோயாளி கெஞ்சும்வரை காத்திராது நேரந்தவறாமற் கொடுப்பதற்கு எந்தக் கருவி வேண்டும்? நோவால் அசையாது கிடப்பவளின் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. பிள்ளையை அணைத்துப் பாலூட்டுவதும் அவளுக்கு அரிதாகிறது. பொறுமை என்று நாம் போற்றுவது இதனைத்தான்.

தமக்கையின் கட்டிலில் அட்டையொன்று தொங்கியது. நாடித்துடிப்பு, குருதியமுக்கம், வெப்பநிலை யாவும் நேரப்படி அதில் எழுதப்பட்டிருந்தன. நோவுக்கு அதில் இடமில்லை. விடுதியை விட்டு வரும்வரை எவரும் அவளிடம் அதைக் கேட்கவுமில்லை.