குழந்தை கையில் கயிறு

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரையில் தாமிரபரணிக் கரையிலுள்ள எந்த ஊரிலாகட்டும், ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது என்றால், அதன் அழுகைச் சத்தம் தெருவுக்கு எட்டுவதற்கு முன்னாலேயே புத்தி சொல்லுகிறவர்கள் வந்து சேர்ந்து விடுகின்றார்கள். ஆச்சி ஒன்று சொல்லுவாள். பெரியம்மை அதற்கு மேல் ஒன்று சொல்லுவாள். மதினி தன் மூத்த பிள்ளைக்குச் செய்ததைச் சொல்லுவாள். கடைசியாகச் சோசியர் வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டி, கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, ஒரு பரிகாரத்திற்கும் அதற்குண்டான தட்சணைக்கும் ஏற்பாடு செய்து விட்டுப் போவார். பத்து மாதம் சுமந்து பெற்றவள் ஒருத்திதான் அந்த வீட்டில் வாய் திறக்கப் பாத்தியதையில்லாதவள்.

இப்படிச் சொல்லப்படுகின்ற புத்திகள் எல்லாம் தப்பு என்று சொல்ல நாம் வரவில்லை. பச்சைப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க வேண்டுமென்பதும், இரண்டு வயது வரையில் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாதென்பதும், பல் முளைக்கிற பருவத்தில் கேப்பையை ஊற வைத்து முளைகட்டி அரைத்துக் கூழ் காய்ச்சிக் கொடுக்க வேண்டுமென்பதும், தாலாட்டுப் பாடிக் குழந்தையோடு ஓயாமல் பேசிக் கொண்டிருக்க வேண்டுமென்பதும் நம் ஆச்சிமார்கள் எந்தப் புராணத்திலும் படித்துத் தெரிந்து கொண்டதல்ல. பிள்ளைகளை வளர்த்துப் பார்த்துத் தெரிந்து கொண்டதாகும். இன்றைய வைத்திய சாஸ்திரமும் இவைகளைச் சரி என்றே சொல்லுகின்றது. ஆனால் அதே வாயிலிருந்து, அதே மூச்சில், குழந்தையைக் கொல்லக் கூடிய புத்தியும் வருகின்றது. இரண்டையும் பிரித்தெடுப்பதற்கு, ‘ஏன்?’ என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறு முறம் நமக்குக் கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவளை ‘எதிர்த்துப் பேசுகிறவள்’ என்று அடக்கி விடுவதால்தான், நெல்லும் பதரும் ஒன்றாகவே குழந்தையின் வாயில் போய் விழுகின்றன.

பிறந்த அன்றைய காரியத்தையே எடுத்துக் கொள்ளுவோம். முதல் இரண்டு மூன்று நாட்கள் தாய்க்குச் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பாலைக் ‘கெட்ட பால்’ என்று பீச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரையோ, கழுதைப் பாலையோ, தேனையோ குழந்தையின் நாக்கில் தடவுகின்ற வழக்கம் இன்னமும் அடியோடு ஒழிந்தபாடில்லை. இதற்குச் சேனை வைப்பது என்று பெயர். சேனை வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம்! அதற்காக ஊரில் ஒரு பெரிய மனிதரைத் தேடிப் பிடித்து, அவர் விரலால் தொட்டு வைக்கச் சொல்லுகின்றார்கள். அந்த விரல் கழுவப்பட்டதா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. குணம் சர்க்கரைத் தண்ணீரில் கரைந்து வருமானால் பள்ளிக்கூடமும் வாத்தியாரும் எதற்கு? விரலிலிருந்து வருவது குணமல்ல, கிருமியேயாகும். தேனிலோ, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துக் கை கால்களைச் சோர்ந்து விழச் செய்யும் விஷக்கிருமியின் வித்து இருக்கக் கூடும். கீழே கொட்டப்பட்ட சீம்பாலிலோ, நோயைத் தடுக்கும் சக்தி நிரம்பியிருக்கின்றது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் முடியும் வரையில் தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூட வேண்டியதில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

தவிர, குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு, உச்சிக்குழி உள்வாங்கி, கண் சொருகிவிட்டால் அதற்குத் ‘தோஷம் தட்டிவிட்டது’ என்று பெயர் வைக்கின்றார்கள். வீட்டு விலக்கான ஒருத்தியின் நிழல் பட்டிருக்க வேண்டுமென்றும், தீட்டோடு ஒருத்தி வந்து தூக்கியிருக்க வேண்டுமென்றும் யாரோ ஒரு பெண்ணின் தலையில் பழி சுமத்தப்படுகின்றது. பிறகு மந்திரிக்கிறவரிடம் தூக்கிக் கொண்டு ஓடி, வேப்பிலையால் தடவி, திருநீறு பூசி, கையிலும் இடுப்பிலும் கறுப்புக் கயிறு கட்டிக் கொண்டு திரும்புகின்றார்கள். ‘தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்’ என்று குடிக்கக் கொடுப்பதையும் நிறுத்தி விடுகின்றார்கள். குழந்தையைக் கொல்லுவது நிழலல்ல. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறி விடுவதேயாகும். உச்சிக்குழி விழுவதற்கும் அதுவே காரணம். கயிறு கட்டப் போய்வந்த அந்த நேரந்தான் பல பிள்ளைகளுடைய உயிரின் விலையாக இருந்திருக்கின்றது.

1971ஆம் வருஷம் வங்காளதேச யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்திலுள்ள பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியாக ஏற்றும் மருந்து போதாமற்போன சமயத்தில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸ் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரையில் செத்துக் கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கிற்று. எந்த மந்திரவாதியாவது இப்படி ஒரு கணக்குக் காட்டியதுண்டா? அந்தத் தண்ணீருக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றது. பொட்டலம் கைக்கு வரும் வரையில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டின அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மலத்தில் இரத்தம் கண்டாலும், குடித்தது எதுவும் தங்காவிட்டாலும், மூத்திரம் நின்று குழந்தை மயங்கிக் கிடந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போக வேண்டும்.

அம்மையின் கதையும் இதுவேதான். பெரியம்மையை மாரியம்மனுடைய விளையாட்டு என்று எண்ணி எத்தனையோ தலைமுறையாகக் கூழ் ஊற்றினோம், தீ மிதித்தோம். அம்மன் ஒரு வருஷமாவது விளையாட்டை நிறுத்தியதாகத் தெரியவில்லை. 1796இல் ஜென்னர் கண்ட அம்மைப்பாலை வீடு வீடாகக் குத்தின பிறகு, 1975க்கப்புறம் இந்தியாவில் ஒருவருக்கும் பெரியம்மை கண்டதில்லை. 1980இல் உலகத்தை விட்டே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தைப் ‘போன ஜென்மத்துக் கர்மம்’ என்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு அந்தக் கர்மம் இந்தியாவில் ஒரு பிள்ளையையும் இயற்கையாகப் பிடித்ததில்லை என்று கண்டு, 2014இல் நம் தேசத்திற்குப் போலியோ இல்லையென்று சான்று கொடுத்தார்கள். இரண்டு சொட்டு மருந்தில் கரைந்து போகிற கர்மம் எப்படிப்பட்ட கர்மம் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். ஆனால் மணல்வாரி என்கிற தட்டம்மை இன்னும் ஒழியவில்லை. ஆகவே 9 மாதம் முடிந்ததும் போட வேண்டிய ஊசிக்கு நாள் நட்சத்திரம் பார்த்துத் தள்ளிப் போடுகிறவர்கள், தங்கள் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தே கேடு தேடுகின்றவர்களாவார்கள்.

நிற்க. ‘ஊசியும் போட்டுக் கொள்ளுகிறோம், கயிறும் கட்டிக் கொள்ளுகிறோம், ஒரு முழக் கயிற்றினால் உங்களுக்கென்ன நஷ்டம்?’ என்று படித்த தோழர்களே நம்மைக் கேட்கின்றார்கள். கழுத்தில் கட்டின கயிறு தொட்டிலில் மாட்டிக் குழந்தையின் மூச்சை நிறுத்தக் கூடும். கையில் கட்டினது அழுக்கேறி நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். கண்ணுக்கிடும் கடை மையில் ஈயம் கலந்திருப்பதுண்டு. ஆனால் இவைகள் எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் ஒன்றிருக்கின்றது. பெரியவர்கள் கட்டினால் கேள்வி கேட்காமல் கட்டிக் கொள்ள வேண்டும், அவிழ்த்தால் கெடுதி வரும் என்பதுதான் அந்தக் குழந்தை இந்த உலகத்தில் படிக்கின்ற முதற்பாடம். இந்தப் பாடத்தைப் படித்த கை பள்ளிக்கூடத்திற்குப் போனதும் என்ன செய்கின்றது என்பதைத் திருநெல்வேலி ஜில்லாக்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஒரு சாதிக்கு ஒரு நிறம், மற்றொரு சாதிக்கு மற்றொரு நிறம் என்று பிள்ளைகள் மணிக்கட்டில் கயிறு கட்டிக் கொண்டு வகுப்பில் உட்காரவில்லையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளியில் படிக்கும் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை, அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்மேல் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறும், மோதிரமும், நெற்றிக் குறியும் பள்ளியில் கூடாதென்று சொல்லியிருக்கின்றார். சர்க்கார் பள்ளிக்கூட வாசலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். வீட்டிலே கட்டி அனுப்புகிற கையை யார் தடுப்பது?

இது இன்று நேற்று வந்த வியாதியுமல்ல. இதே தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலத்தில் தேசீயக் கல்வி கொடுப்பதாகச் சொல்லிப் பொதுப் பணமும் காங்கிரஸ் பணமும் வாங்கிக் கொண்டு, இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனியாகச் சோறு போட்டார்கள். கேட்டதற்கு, அப்பிள்ளைகளுடைய பெற்றோரின் விருப்பம் என்றார்கள். பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் 1924, 1925ஆம் வருஷங்களில் இதை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சிதான் சுயமரியாதை இயக்கத்திற்கு ஒரு வித்தாயிற்று. தனியாக உட்கார்ந்து தின்ற பிள்ளை ‘நான் உயர்ந்தவன்’ என்பதையும், மற்றப் பிள்ளைகள் ‘நாங்கள் தாழ்ந்தவர்கள்’ என்பதையும் எந்தப் புஸ்தகமுமில்லாமலே படித்துக் கொண்டன அல்லவா? அதற்குப் பின் காமராசர் காலத்தில் 1956இல் மத்தியானச் சோறும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவும், 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றார்கள். அப்படியிருந்தும் 2023 செப்டம்பரில் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில், சமைத்தவர் ஆதிதிராவிடர் என்பதற்காகப் பிள்ளைகளைப் பெற்றோர்கள் சாப்பிட விடவில்லையென்று புகார் எழுந்தது. பார்லிமெண்டு மெம்பர் கனிமொழி அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய நூறு வருஷத்திற்குப் பிறகும் அதே ‘பெற்றோரின் விருப்பம்’தான்!

ஆகவே சேனை வைப்பதைப் பற்றி நம்மவர்கள் சொல்லுவதில் ஒரு பாதி உண்மை இருக்கின்றது. பெரியவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரத்தான் செய்யும். ஆனால் அது விரல் வழியாக வருவதல்ல. கண் வழியாகவும் காது வழியாகவும் வருவதாகும். வேலைக்கு வந்தவருக்குத் தனி லோட்டாவில் தண்ணீர் கொடுப்பதைப் பார்க்கின்ற குழந்தை அதைப் படித்துக் கொள்ளுகின்றது. மகனுக்கு முட்டையும் மகளுக்கு வெறும் குழம்பும் ஊற்றப்படுவதைப் பார்க்கின்ற குழந்தை அதையும் படித்துக் கொள்ளுகின்றது. தகப்பன் தன் பிள்ளையின் பீத்துணியைத் தொட மாட்டேனென்று திண்ணையில் உட்கார்ந்து நாட்டு விடுதலை பேசுவதைப் பார்க்கின்ற பையன், நாளைக்குத் தன் பெண்டாட்டியை எப்படி நடத்துவான்? சுயமரியாதைக்காரர் என்று சொல்லிக் கொள்ளுகின்ற நம் தோழர்களில் எத்தனை பேர் தங்கள் குழந்தையை ஒரு தடவையாவது குளிப்பாட்டியிருக்கின்றார்கள்? கூட்டத்தில் கை தட்டுவதைக் காட்டிலும் அது பெரிய இயக்க வேலை என்பதே நமது அபிப்பிராயம்.

ஆதலால் பிள்ளை பெற்ற தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் சொல்லுவதாவது: படித்துறையிலும், ரேஷன் கடையிலும், அங்கன்வாடி வாசலிலும் ஒருவருக்கொருவர் பிள்ளை வளர்க்கப் புத்தி சொல்லிக் கொள்ளுங்கள். அது மிக நல்ல பழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் யார் எதைச் சொன்னாலும், ‘இது ஏன்? இதனால் பிழைத்த பிள்ளை எத்தனை, செத்த பிள்ளை எத்தனை? இதனால் யாருக்காவது இழிவு உண்டா?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகே செய்யுங்கள். ஆச்சி சரியாகச் சொன்னால் டாக்டரிடம் போய் ‘எங்கள் ஆச்சியும் இதையேதான் சொன்னாள்’ என்று பெருமையாகச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் மரியாதையோடு, ‘வேண்டாம் ஆச்சி’ என்று சொல்லுங்கள். பெற்றவளுடைய சொல்லுக்கு வீட்டில் முதல் இடம் கொடுங்கள். 1929இல் செங்கல்பட்டு மகாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது போல், பிள்ளைக்குச் சாதி வால் இல்லாத பெயராக வையுங்கள். பிறகு அந்தப் பிள்ளை உங்களையே பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கும்போது, அடிக்காமல், அதட்டாமல் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறைந்து போகாது. இவ்வளவும் செய்ய ஒப்புகிறவர்கள் இன்று இராத்திரியே, தூங்குகிற குழந்தையின் கையிலும் கழுத்திலும் இருக்கிற கயிற்றை அவிழ்த்தெறிந்து விட்டு, நாளைக் காலையில் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.