சுக்கானைச் சக்கரமாய்ப் பார்த்த கண்

இஸ்ரேலைக் கண்டித்து ஸ்டிக்கர் ஒட்டியதற்காக, 2025 மார்ச்சில் 22 வயது இளைஞரொருவர் கொழும்பில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். தடுப்புக்காவல் உத்தரவில் கையொப்பமிட்டவர், அதே சட்டத்தை ஒழிப்போம் என்று வாக்குக் கேட்டு வந்த ஜனாதிபதி. ஏப்ரலில் இளைஞர் பிணையில் வந்துவிட்டார். பயம் மட்டும் நம் பாடசாலைகளுக்குள் வந்து குந்திக்கொண்டது. பிள்ளைகள் வரைந்த காஸாப் படங்களைக் கண்காட்சியில் தொங்கவிடலாமா, சுருட்டி அலுமாரிக்குள் வைப்பதா என்று மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை சித்திர ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

தொங்கவிடுங்கள். இந்தக் கிழக்குக் கரைக்குப் பலஸ்தீன் நேற்று வந்த விடயமல்ல. கல்முனைக்குடிக் கவிஞர் நுஃமான் 1981இலேயே பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்துவிட்டார்.

ரமல்லாவில் 1980இல் 'கலரி 79' ஓவியக்கூடத்தை இஸ்ரேலிய இராணுவம் மூடியதும், பலஸ்தீனக் கொடியின் நான்கு நிறங்களும் ஒன்றாக வரக்கூடாது, தர்ப்பூசணியானாலும் கூடாது என்று அதிகாரியொருவர் சொன்னதாக ஓவியர் ஸ்லிமான் மன்சூர் நினைவுகூர்வதும் நீங்கள் அறிந்தவை. முதலாம் இன்திபாதா எழுச்சியில் மன்சூரும் நபீல் அனானியும் வேரா தமாரியும் தைசீர் பரகாத்தும் இஸ்ரேலியச் சாயங்களை ஒதுக்கிவிட்டு மண்ணையும் மருதோன்றியையும் தோலையும் கையிலெடுத்ததை ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கலாம். காஸாவின் ஓவியர் பத்ஹி கபின் கொடி நிறங்களைத் தீட்டியதற்காக 1984இல் சிறை சென்றார். 2024 பெப்ரவரியில், சிகிச்சைக்கு வெளியேற வழி கிடைக்காமல் காஸாவிலேயே காலமானார்.

நான் நீண்டகாலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு வருகிறேன். படத்தைப் பார்த்து இது குற்றம் என்று சொல்பவர் யார்? அவருக்குப் பார்க்கத் தெரியுமா?

2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். உடுப்பில் தர்மசக்கரம் இருந்ததாம். இருந்ததோ கப்பலின் சுக்கான். நமது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சக்கரத்துக்கு வெளியே நீட்டிய கைப்பிடிகளைக் கண்டதும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். பொலிஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எந்தப் பாடசாலையிலும் ஒரு சித்திர ஆசிரியர் இருந்திருப்பாரே, கேட்டால் என்ன?

கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமின் 'நவரசம்' 2017இல் வந்த நூல். அதைக் காட்டி 2020 மேயில் அவரைப் பிடித்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். தீவிரவாதத்தை மறுத்து எழுதியவரைத் தீவிரவாதி என்றார்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அங்கே இஸ்ரேலின் நாஸரத்தில், பலஸ்தீனக் கவிஞர் தாரீன் தத்தூரின் கவிதையை நீதிமன்றத்துக்கு மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். இரண்டு நாட்டிலும் கலைக்கு நிபுணர், சீருடை போட்டவர்தான்.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்கிறது. கலையும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தரணிகள் வேறு வியாக்கியானம் சொல்லக்கூடும். சொல்லட்டும். கையெழுத்தைப் பார்க்க நிபுணர் உண்டு, தோட்டாவைப் பார்க்க நிபுணர் உண்டு, ஓவியத்துக்கு மட்டும் கிடையாது. சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தாரைவார்க்கும் அதிபர்களையும், சித்திரத்துக்கு ஆளில்லாவிட்டால் எவரையும் போடலாம் என்று நினைக்கும் கல்விப் பணிமனைகளையும் கொண்ட நாட்டில் வேறெது நடக்கும்? சித்திரம் படிப்பிக்கப்படாத ஒரு தலைமுறைதான் இன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து நம் படங்களைப் பரிசோதிக்கிறது. சந்தேகத்துக்குரிய ஆக்கங்களைப் பார்க்கத் தகுதியானவர்களின் பட்டியலைத் தருகிறோம் என்று மேலிடமொன்றுக்குப் பலமுறை எழுதியிருக்கிறோம். வந்த ஒரே பதில் தனிச் சிங்களத்தில், கடிதம் கிடைத்தது என்று மட்டும்.

எனவே கண்காட்சிகள் நடக்கட்டும். பொறுப்பாசிரியர், பிள்ளை தன் படத்தைப் பற்றிச் சொல்வதை அதன் வாயாலேயே கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். படங்களைத் தொங்கவிடுமுன் தெளிவாகப் படம்பிடித்து வையுங்கள். எடுத்துச் சென்றால் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. படத்தின் பின்புறம் பிள்ளையின் பெயர் வேண்டாம். வகுப்பையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.