படித்த பெண்களும் பருத்திக் காடும்

அமெரிக்காவில் 2021-ம் வருஷம் கமலா ஹாரிஸ் உபஜனாதிபதியானபோது, அவர் அங்கத்தினராயுள்ள ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ என்னும் சகோதரிகள் சங்கத்தின் பெயரும் உலகெங்கும் அடிபட்டது. “பார்த்தீர்களா, சங்கம் எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டது!” என்று பலர் பூரித்தார்கள். பூரிக்கட்டும்; நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் ஒரு சங்கத்தின் பெருமையை அளக்கும் கோல் அதுவல்ல என்பதே நமது அபிப்பிராயமாகும்.

இச்சங்கம் 1908-ம் வருஷம் ஜனவரி 15-ல், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு சர்வகலாசாலையில், எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் ஏற்பட்டது. அந்நாட்டில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து அப்பொழுது 43 வருஷந்தான் ஆகியிருந்தது. கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்டு கருப்பின மாணவிகள் அமைத்த முதல் சங்கம் இதுவேயாகும். கலாசாலையில் படித்த பெண்களே இதில் சேரலாம். “அப்படியானால் இது படித்தவர்கள் கட்டிக்கொண்ட ஒரு புது ஜாதிதானே?” என்று யாராவது கேட்பார்களானால், அது நியாயமான கேள்வியே. அதற்குப் பதில் அவர்கள் செய்த காரியத்தில்தான் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்போம்.

1934-ல் சங்கத் தலைவி ஐடா ஜாக்சன், மிசிசிப்பி மாகாணத்து ஹோம்ஸ் ஜில்லாவில் கிராம உபாத்தியாயர்களுக்காகக் கோடைப் பள்ளி ஒன்று நடத்தினார். நோயும் பட்டினியும் வாட்டும் ஜனங்களுக்குப் பாடம் மட்டும் போதாது என்பது அங்கே விளங்கிற்று. ஆதலால் மறு வருஷம் டாக்டர் டாரதி ஃபெரிபி என்னும் அம்மையாரின் பொறுப்பில் வைத்தியசாலைகள் திறக்கப்பட்டன. ஆனால் பருத்திக் காட்டு எஜமானர்களோ, தங்கள் குடிவாரக்காரர்கள் நிலத்தை விட்டு வைத்தியத்துக்குப் போகக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். உழைப்பு மாத்திரம் வேண்டும், உழைக்கிறவன் பிள்ளை பிழைக்க வேண்டாம்! இதுவல்லவா எஜமான தர்மம்?

அப்பெண்கள் அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. மருந்தையும் ஊசியையும் தங்கள் மோட்டார்களில் ஏற்றிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள்ளேயே போனார்கள். கண்காணிகள் முறைத்துப் பார்க்க, குழந்தைகளுக்கு அம்மைப் பாலும் தொண்டையடைப்பான் நோய்க்கு ஊசியும் போட்டார்கள். 1942 வரை கோடைதோறும் இவ்வேலை நடந்தது.

தோழர்களே! உபஜனாதிபதி பதவி வரும், போகும். 2025-ல் அதுவும் முடிந்துவிட்டது. அந்த மோட்டார்கள் போன தடமோ அழியாது. ஆகவே பட்டம் பெற்றவர்களைப் பார்த்து நாம் கேட்பது ஒன்றே: உங்கள் படிப்பு இதுவரை யார் வாசலுக்குப் போயிருக்கிறது?