தீர்ந்த சோப்பும் தீராத கடமையும்

நம் விடுதிக் குழாயில் ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் என்ன நடக்கும்? பத்தே நிமிடத்தில் வாளியும் கையுமாகக் காப்பாளர் அறை முன் கூடிவிடுவோம். கேட்பதற்கு நமக்கு வாய் இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்ற நினைவும் இருக்கிறது. அந்த நினைவை இழந்தவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நாங்கள் சிலர் மறதி நோயாளர் இல்லம் ஒன்றில் ஏழு நாட்கள் பணியாற்றினோம். சாமான் அறையின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. "சோப்புக் கணக்கு எழுதவா இவ்வளவு தூரம் வந்தோம்!" என்று முதல் நாள் சலித்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் நாள் காலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கழிப்பறையிலிருந்து வந்து, அழுக்குக் கையைச் சன்னல் திரையில் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த நோய் வந்தா இப்படித்தான் தம்பி" என்றார் பணியாளர் அம்மா. உள்ளே எட்டிப் பார்த்தேன். சோப்புப் பெட்டி காலி. துண்டு இல்லை. மக்கையும் காணோம். அந்த நிலையில் நாமாக இருந்தால் குரல் கொடுத்திருப்போம். அவருக்கு அது தோன்றவில்லை. திரைதான் கண்ணில் பட்டது.

மறுநாள் சோப்பும் துண்டும் வைத்தோம். வெள்ளைச் சுவரோரம் பளிச்சென்று தெரியும்படி சிவப்பு மக் ஒன்றையும் வைத்தோம். பெரியவர் தாமே கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "மணி அடிச்சாச்சா தம்பி?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் அவர் நினைவில் இருந்தது. கை கழுவும் பழக்கமும் இருந்தது. இல்லாமற் போனது சோப்பு மட்டுமே!

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோயின் கூறுகளை முதன்முதலில் எடுத்துரைத்தார். உலகில் 2021ஆம் ஆண்டில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் சுமார் 88 இலட்சம் பேர் என்பது 2023இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடு. இத்தனை பேருக்கும் மருந்து வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். சோப்பும் வேண்டும் என்பதை யார் நினைக்கிறோம்?

"சோப்பை வைத்தால் வாயில் போட்டுக்கொள்கிறார்கள், எடுத்து எங்கேயாவது ஒளித்துவிடுகிறார்கள்" என்று பணியாளர் கூறுவர். உண்மைதான். அதற்காக வெறும் அறையை விடுவது தீர்வாகாது. வெளியே ஒரு கட்டி இருக்கட்டும். மீதி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வேளைக்கொரு முறை ஒருவர் பார்த்து நிரப்பட்டும். பினாயிலும் ஆசிட்டும் மட்டும் எக்காரணத்தாலும் வெளியே இருத்தலாகாது. தண்ணீரில் கலந்த பினாயில் பால்போல் வெளுத்திருக்கும். மறந்த மனம் அதைப் பாலென்றே பருகிவிடும்.

டயாபர் கணக்கும் அவ்வாறே. ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு என்றால், பத்துப் பேருக்கு வாரத்திற்கு 280. 200 வாங்கி வைத்துவிட்டு, 'சிக்கனமாகப் பயன்படுத்துக' என்று எழுதி ஒட்டினால் என்ன பொருள்? எவரோ ஒருவர் ஈரத்திலேயே கிடக்க வேண்டும் என்பதுதான் பொருள். தோல் புண்ணாகும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். தொற்று வந்தால் முதியவரின் குழப்பம் திடீரென்று மிகும். அதற்கும் 'நோய் முற்றிவிட்டது' என்று பெயர் சூட்டிவிடுவோம். ஆகவே ஒரு வாரத் தேவை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அது குறையத் தொடங்கும் அன்றே வாங்க வேண்டும். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கும் இல்லத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

பொருட்பாலில் குறிப்பறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். கேட்பவர்க்குக் கொடுப்பது எளிது. கேட்கவே மறந்தவரின் தேவையை முன்னறிந்து எடுத்து வைப்பதன்றோ குறிப்பறிதல்!

நண்பர்களே, முதியோர் இல்லங்களுக்குப் பிறந்த நாள் இனிப்புடன் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்ல வழக்கம்தான். அடுத்த முறை செல்லும்போது குளியலறைக் கதவையும் ஒரு முறை திறந்து பாருங்கள். சோப்புப் பெட்டி காலியாக இருந்தால், இனிப்போடு நான்கு சோப்பும் வாங்கிக் கொடுங்கள். ஏழு நாட்கள் நான் சலிப்போடு தொடங்கி எழுதிய கணக்கு எனக்குக் கற்றுத் தந்த பாடம் இதுவே.