நூறு மீட்டருக்குள் அடக்கப்பட்ட திறமை

1922 அக்டோபரில் பெர்முடா தீவில் நடந்த ஒரு நீச்சல் போட்டியில், சிகாகோவைச் சேர்ந்த பத்தொன்பது வயது சிபில் பாயர் 440 கெஜ தூரத்தை மல்லாந்தபடியே 6 நிமிடம் 24.8 விநாடியில் நீந்தி முடித்தார். அந்தத் தூரத்துக்கான ஆண்களின் உலக சாதனை அன்றைக்கு 6 நிமிடம் 28 விநாடி. அதை வைத்திருந்தவர் ஹவாயின் ஸ்டப்பி குரூகர். ஒரு பெண் ஆண்களின் சாதனையையே மூன்று விநாடிக்கு மேல் முந்திவிட்டார். ஆனாலும் அந்த நேரம் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. போட்டிக்கு முறையான அங்கீகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விதி விதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியலில் ஓர் அடிக்குறிப்பாகவாவது அந்த நேரம் இடம்பெற்றிருக்க வேண்டும். நூறு ஆண்டுகள் ஆன பிறகும் அதைச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக, மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் போட்டி வைக்கப்பட்டது. ஆண்களுக்கு அது 1900லேயே வந்துவிட்டது. பெண்கள் ஒலிம்பிக் குளத்தில் இறங்கவே 1912 ஸ்டாக்ஹோம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் இரண்டே போட்டிகள்தான். அமெரிக்கா அந்த ஆண்டு பெண்களை அனுப்பவே இல்லை. அந்நாட்டு விளையாட்டு நிர்வாகத்தில் செல்வாக்கோடு இருந்த ஜேம்ஸ் சல்லிவன், பெண்கள் பொதுவெளியில் போட்டியிடுவதைக் கடுமையாக எதிர்த்தார். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபர்தானின் எண்ணமும் அதுதான்.

பாரிஸில் தூரேல் நீச்சல் குளம் 50 மீட்டர் நீளத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. ஹாலிவுட் டார்ஸானாகப் பின்னாளில் உலகம் அறிந்த ஜானி வெய்ஸ்முல்லர் தங்கம் வென்றதும் இதே குளத்தில்தான். பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும் மேடையிலிருந்து பாய முடியாது. தண்ணீருக்குள் இறங்கி, சுவரைப் பிடித்து, பாதத்தைச் சுவரில் ஊன்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகு கண்ணுக்குத் தெரிவது ஆகாயம்தான். போகிற திசையும் தெரியாது, சுவர் வருவதும் தெரியாது. கை வீச்சின் கணக்கை மனசுக்குள் வைத்திருப்பவர்தான் திருப்பத்தில் தடுமாறாமல் தப்பிப்பார்.

தகுதிச் சுற்றிலேயே பாயர் 1 நிமிடம் 24 விநாடியில் வந்தார். இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 23.2. இரண்டாவது வந்த பிரிட்டனின் ஃபிலிஸ் ஹார்டிங்குக்கு 1 நிமிடம் 27.4. நூறு மீட்டரில் நான்கு விநாடிக்கு மேல் இடைவெளி என்றால், அதைப் போட்டி என்று சொல்வதே கடினம். ஹார்டிங்கும் லேசுப்பட்டவர் அல்லர். 1936 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் நீந்தியவர். வெண்கலம் வாங்கிய அமெரிக்காவின் அய்லீன் ரிகின் கதை இன்னும் சுவையானது. 1920இல் ஆன்ட்வெர்ப்பில், நகரத்து அகழித் தண்ணீரின் குளிரில், பதினான்கு வயதிலேயே டைவிங்கில் தங்கம் வென்ற சிறுமி அவர். பாரிஸில் டைவிங்கில் வெள்ளியும் நீச்சலில் வெண்கலமும் பெற்று, ஒரே ஒலிம்பிக்கில் இரண்டிலும் பதக்கம் வாங்கிய முதல் பெண் ஆனார்.

பாரிஸ் அட்டவணையை இன்று எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நீச்சலில் ஆண்களுக்கு ஆறு போட்டிகள், பெண்களுக்கு ஐந்து. விடுபட்டது எது? மிக நீண்டதான 1500 மீட்டர். தொடர் நீச்சலிலும் ஆண்கள் ஆளுக்கு 200 மீட்டர் நீந்த, பெண்களுக்கு 100 மீட்டர்தான். குட்டைத் தூரம்தான் பெண்ணுக்குத் தாங்கும் என்று எந்தச் சோதனையும் இல்லாமலேயே முடிவு செய்திருந்தார்கள். பெர்முடாவில் கிடைத்த சாட்சியமோ இதற்கு நேர் எதிரானது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பாரிஸில் ஆண்களுக்கான அதே 100 மீட்டரை வாரன் கியலோஹா 1 நிமிடம் 13.2 விநாடியில் முடித்தார். பாயரைவிடப் பத்து விநாடி குறைவு. 440 கெஜத்தை மல்லாந்து நீந்திய ஆண்கள் மிகச் சிலரே என்பதால் அந்தச் சாதனையும் அவ்வளவு கடினமானதல்ல என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். அப்படியானால் கெர்ட்ரூட் எடர்லேயை என்ன சொல்வது? பாரிஸில் 100, 400 மீட்டர் இரண்டிலும் அவருக்குத் தனிப்பட்ட முறையில் கிடைத்தது வெண்கலம்தான். 1926இல் அதே எடர்லே ஆங்கிலக் கால்வாயைப் பதினான்கரை மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அவருக்கு முன் கடந்திருந்த ஐந்து பேரும் ஆண்கள். அவர்களில் மிக வேகமானவரைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவாக எடுத்துக்கொண்டார். தூரம் கூடக்கூட ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அட்டவணை போட்டவர்கள் கண்முன்னே நடந்தது இது.

பாயருக்கு இன்னொரு ஒலிம்பிக் வாய்க்கவில்லை. புற்றுநோய் அவரை 1927 ஜனவரி 31 அன்று, இருபத்து மூன்றாவது வயதில் கொண்டுபோனது. அவரை மணக்க நிச்சயித்திருந்த பத்திரிகையாளர் எட் சல்லிவன் பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரும் புள்ளியானார். அவருடைய வாழ்க்கைக் கதையின் ஓரத்தில் வந்துபோகும் பெயராக பாயர் சுருங்கிவிட்டது வேதனை. சர்வதேச நீச்சல் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் இடம்பெற 1967 ஆக வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு மெக்சிகோவில்தான் பெண்களின் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் ஒலிம்பிக்குக்கு வந்தது. 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலும் அப்போதுதான் வந்தது. ஓட்டப்பந்தயத்திலும் இதே கதை. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்துப்போனார்கள் என்று கூச்சல் போட்டு அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல். ஓடி முடித்த ஆண்களும்தான் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் ஓட்டத்தை யாரும் நிறுத்தவில்லை.

நீண்ட தூர நீச்சலைப் பெண்களுக்கு மறுத்ததால் இழந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜேனட் இவான்ஸ். 1988இல் 1500 மீட்டரை 15 நிமிடம் 52.10 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தவர். அந்த நேரத்தை 2007 வரை எந்தப் பெண்ணாலும் முறியடிக்க முடியவில்லை. அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். நான்காவதுக்கு அவர் முயலக்கூட முடியவில்லை. பெண்களுக்கு 1500 மீட்டரே அங்கே கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பில் அந்தப் போட்டி 2001இல் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் இன்னும் இருபது ஆண்டுகள் இழுத்தடித்து, டோக்கியோவில்தான் இடம் கொடுத்தது. கேட்டி லெடெக்கி 15 நிமிடம் 37.34 விநாடியில் முதல் தங்கத்தை எடுத்தார். அப்போது இவான்ஸுக்கு வயது நாற்பத்தொன்பது.